மூன்றாம் வசந்தத்தின் தேதிகள்

விதின், நவம்பர் 12

அன்புள்ள நெவெனா அக்காவுக்கு,

நானும் காமெனும் குழந்தையும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், பெரியம்மாவின் முட்டிவலி குறைந்ததா என்று எழுது.

சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் போயானுக்கு நான்கு நாளாக மூக்கடைப்பு. மூன்று மாதப் பிள்ளைக்கு மூக்கடைத்தால் பாலும் குடிக்க முடியாது, நிம்மதியாக அழவும் முடியாது. ஆற்றங்கரை ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்கிறார் டாக்டர். நான் தொட்டிலருகே உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணுகிறேன். காமென் பள்ளியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, "இந்த வீட்ல நீ அளக்காத பொருள் ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேலி செய்கிறார்.

ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். என் பிளம் மரங்களுக்கு வரும் மார்ச்சில் மூன்றாவது வசந்தம். இரண்டு வசந்தம் பார்த்தாயிற்று. குளிர்காலம் மாறிக்கொண்டே போவதில் மரம் எப்போது பூக்கிறது என்பதுதான் ஆய்வு. தொடர்ந்து மூன்று வருடம் இல்லையென்றால் ஆய்வே இல்லை. பேறுகால இடைவெளியில் இருப்பதால் நான் வளாகத்துக்குள் வேலை செய்யக்கூடாது. எனக்குப் பதிலாக வேறொருவர் பார்க்கலாம் என்று இடைவெளி தொடங்குமுன்பே பேராசிரியர் ஸ்தாமெனோவ் ஒப்புக்கொண்டார். ஆனால் போனில் சொன்னால் ஏற்கமாட்டாராம்; பார்த்தவர் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்ட தாள் வேண்டுமாம்.

உன் அலுவலக ஜன்னலைத் திறந்தாலே என் தோட்டம்தான். ஒவ்வொரு மரத்திலும் தகரத்தில் எண் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். எந்த எண் என்றைக்குப் பூத்தது என்று எழுதினால் போதும். ஏழாம் எண்ணை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனி. அதுதான் எப்போதும் முதலில் அவசரப்படும்.

துறையில் யாரிடமும் கேட்க முடியாத நிலை எனக்கு. இடைவெளியில் இருக்கும் தாய்க்குத் துறையிலிருந்து ஒரு வரிகூடப் போகக்கூடாது, எதுவானாலும் உன் மாணவர் உதவி அலுவலகம் வழியாகத்தான் என்று நாம் இருவரும் சண்டைபோட்டு வாங்கிய விதி இப்போது எனக்கே. பிரசவ வார்டில் இருந்த ஆய்வு மாணவி இவெத்தாவிடம் தேர்வுத்தாள் திருத்தச் சொல்லி ஆள் அனுப்பினார்களே, அதை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது. எனக்கும் துறைக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு நீதான்.

பெரியம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
தாஃபினா


சோபியா, நவம்பர் 25

என் செல்லத் தங்கை தாஃபினாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா முட்டியைச் சபித்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குகிறாள். மருமகனுக்கு உப்புத்தண்ணீர் சொட்டு விடு, மூச்சை எண்ணாதே.

மரங்களைப் பற்றி இவ்வளவு நீளமாகக் கெஞ்ச வேண்டுமா? நான் பார்க்கிறேன். நம்ம வீட்டுத் தாளில், நம்ம வீட்டுக் கையெழுத்தில், ஸ்தாமெனோவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கும்படி எழுதி அனுப்புகிறேன்.

ஒரு சேதி. மாணவத் தாய்மாருக்கான நம் திட்டத்துக்குப் பல்கலைக்கழக ரெக்டர் திடீரென்று காதலராகிவிட்டார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்களாம். "குழந்தையும் பெத்து, ஆய்வையும் முடிச்ச ஒரு பொண்ணாவது நம்மகிட்ட இருக்கா?" என்று கூட்டத்தில் கேட்டார். நான் உன் பெயரைச் சொன்னேன். நீயும் போயானும் இருக்கும் நல்ல படம் ஒன்று அனுப்பு. நீ சிரிக்க வேண்டும், அவன் அழக்கூடாது. என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதும் இந்தத் திட்டத்தை வைத்துத்தான் என்று காதில் போட்டிருக்கிறார்கள். ஆக, தங்கையே, நீ முடித்தே ஆகவேண்டும்.

காமெனுக்கு என் விசாரிப்பு.

நெவெனா அக்கா


விதின், ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் நலம், நீங்கள் இருவரும் நலந்தானே? புத்தாண்டுப் பானித்ஸா அப்பத்துக்குள் வைத்த அதிர்ஷ்டச் சீட்டில் காமெனுக்குப் பயணம் என்று வந்தது, எனக்கு ஆரோக்கியம். பள்ளிக்கும் வீட்டுக்கும் நடப்பதைத்தான் பயணம் என்கிறது போல.

படம் இத்துடன் இருக்கிறது. நான் சிரித்தது காமென் கேமராவுக்குப் பின்னால் குரங்கு போல் ஆடியதற்கு. போயான் அழுது முடித்த பின் எடுத்தது, மூக்கு சிவந்திருக்கும்.

பிப்ரவரியில் கவாத்து செய்வார்கள். தோட்டக்காரரிடம் என் மரங்களின் பழைய கிளைகளில் கத்தி வைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. பூ மொட்டெல்லாம் அதில்தான். அங்கே பனி எவ்வளவு? மரத்தடியில் எலி பட்டையைக் கடித்திருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்க்க முடியுமா? உன்னைப் படுத்துகிறேன் என்று தெரியும். பிள்ளை பிறந்ததிலிருந்து எதையும் பார்க்காமல் நம்ப என்னால் முடியவில்லை. இவன் தூங்கினாலும் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

பதில் சீக்கிரம் போடு.

தாஃபினா


சோபியா, பிப்ரவரி 24

என் தாஃபினாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நலம்தான். வேலைதான் மூச்சுவிட விடவில்லை.

உன் படத்தைப் பார்த்து அலுவலகமே உருகிவிட்டது. அதைப் பெரிதாக அச்சடிக்கப்போகிறார்கள். மாணவத் தாய்மாருக்கென்றே தனியாக ஒரு விடுதி கட்ட அனுமதி வந்துவிட்டது, தெரியுமா? அடுப்பு, சலவை மெஷின், கீழ்த்தளத்தில் பிள்ளை பார்க்கும் அறை, எல்லாம். இவெத்தாவுக்கு அன்று இல்லாதது இனி வரும் பெண்களுக்கு இருக்கும். நாம் ஐந்து வருடமாகக் கேட்டது.

அம்மா பல் கட்டிக்கொண்டாள். இப்போது எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாள்.

மார்ச் ஒன்றுக்குப் போயான் கையில் கட்ட சிவப்பு வெள்ளை நூல் இத்துடன் வைத்திருக்கிறேன். நானே முறுக்கியது. கொக்கையோ பூத்த மரத்தையோ பார்க்கிறவரை கழற்றாதே, பார்த்த பிறகு பூத்த கிளையில் கட்டிவிடு.

மரங்களைப் பற்றி நீ கவலைப்படாதே. நீ பிள்ளையைப் பார்.

நெவெனா


விதின், மார்ச் 26

அக்கா,

நலமா? நாங்கள் நலமில்லை, இப்போதுதான் தேறிவருகிறோம். போயானுக்கு மார்புச்சளி முற்றி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மூக்கில் குழாய். நர்ஸ் எல்லாத் தாய்மாரையும் வெளியே அனுப்பினாள். என்னை மட்டும் "நீ போனா இவன் இன்னும் கத்துவான், இருந்து தொலை" என்று விட்டுவிட்டாள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். நன்றாகக் குடிக்கிறான்.

அந்த நாட்களில் நான் இரண்டே இரண்டைத்தான் நினைத்தேன். ஒன்று அவன் மூச்சு. இன்னொன்று, சொன்னால் திட்டுவாய், என் மரங்கள். இதுவும் போய் அதுவும் போனால் நான் யார் என்று ஒரு பயம். பிறகு உன்னை நினைத்துக்கொண்டேன். ஒன்றையாவது ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று நிம்மதி வந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் கையிலிருந்து நூலைக் கழற்றச் சொன்னார்கள், குழாய் செருக. பூவைப் பார்க்குமுன் கழற்றியது எனக்கு மனசே சரியில்லை. அதை இத்துடன் அனுப்புகிறேன். ஏழாம் எண் பூத்ததும் அதன் கிளையில் அவனுக்காக நீ கட்டிவிடு.

தாஃபினா


சோபியா, ஏப்ரல் 16

என் கண்ணான தாஃபினாவுக்கு,

பிள்ளை தேறியது கேட்டு அம்மா தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நீயும் கொஞ்சம் தூங்கு.

தாள் தனியாக இருக்கிறது, கையெழுத்தோடு. இங்கேயும் எழுதுகிறேன்: ஏழாம் எண் ஏப்ரல் 4. மூன்றும் ஐந்தும் 6. மற்றவை 8இலிருந்து 11க்குள்.

போயானின் நூலை ஏழில் கட்டிவிட்டேன்.

இந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, பூ, செடிகளின் பெயர் வைத்த எல்லோருக்கும் பெயர்நாள், உனக்கும் எனக்கும் சேர்த்து. வில்லோக் கிளை வாங்கி உன் பங்கையும் கதவில் மாட்டுகிறேன். நூறு வருடம் இரு.

நெவெனா


விதின், ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

நலமே. உன் நலமும் பெரியம்மாவின் சிரிப்பும் எப்படி?

போயான் தவழ்கிறான். இடைவெளி முடிந்து என் பெயர் மறுபடி மாணவர் பட்டியலில் ஏறிவிட்டது. அவன் பகலில் தூங்கும்போதெல்லாம் எழுதி, மூன்று வசந்தத்தையும் ஒன்றாக வைத்து முடித்துவிட்டேன். ஸ்தாமெனோவிடம் அனுப்பினேன். "உன் மூன்றாவது வருஷம் கோடு போட்ட மாதிரி வந்து உட்கார்ந்திருக்கும்மா" என்று போனில் சொன்னார். அந்த மனிதர் பாராட்டி நான் கேட்டதேயில்லை. ரிசீவரை வைத்துவிட்டு அழுதேன். காமென் பயந்துபோய், "யாரு செத்தா?" என்று ஓடிவந்தார்.

அக்டோபர் கடைசியில் துறையின் முன் வாசிக்க வேண்டும். அதில் தேறினால் பொதுவில் வாதாடும் நாள் குறிப்பார்கள். நன்றியுரையில் உன் பெயர்தான் முதலில். பேராசிரியரின் பெயர்கூட அதற்குப் பிறகுதான்.

அக்கா, நீ இல்லையென்றால் நான் இதோடு வெறும் அம்மாவாக நின்றுபோயிருப்பேன். சும்மா எழுதவில்லை.

அக்டோபரில் வரும்போது போயானையும் அழைத்துவருகிறேன். அவன் நூல் தொங்கும் மரத்தை அவனுக்குக் காட்ட வேண்டும்.

தாஃபினா


சோபியா, ஆகஸ்ட் 30

தாஃபினாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தபோது அம்மாவோடு கடற்கரையில் இருந்தேன், பிறகு மறந்தே போனேன்.

நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். அலுவலகத்து ஆள் ஆய்வில் தலையிட்டாள் என்று யாராவது கிளப்புவார்கள். எடுத்துவிடு.

அக்டோபரில் வரும்போது நேரே நீ வாசிக்கும் மன்றத்துக்கு வா. அலுவலகத்தின் பின்பக்கம் முழுக்கச் சேறு, வேலை நடக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதே.

நெவெனா


விதின், நவம்பர் 3

நெவெனா அக்கா,

போயான் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுத எனக்கு இன்று கை வரவில்லை.

அக்டோபரில் இங்கே வெயில் விடாமல் அடித்தது. பள்ளி வாசலில் இருக்கும் பிளம் மரம் பைத்தியம் பிடித்து இலையுதிர்காலத்தில் இரண்டு பூ விட்டது. காமென் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். "டாக்டரம்மா, தீர்ப்பு சொல்லுங்க. ரெண்டு பூ இருக்கு. இது பூத்த மரமா, பூக்காத மரமா?"

சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. எத்தனை பூ விரிந்தால் பூத்ததாகக் கணக்கு என்று நான் உனக்கு எழுதவேயில்லை. மறந்துபோனேன். இரண்டு வருடம் நானே பார்த்ததால் அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. மரத்தடியில் உண்மையாகவே போய் நிற்கிறவள் முதலில் கேட்பது அதைத்தான். பூக்களைக் கணக்கெடுத்தே பழகாத காமென் கேட்டார். ஒன்பது மரம் பார்த்த நீ கேட்கவில்லை.

என்னை நானே திட்டிக்கொண்டேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்காக. ஆனாலும் இரண்டு நாள் முன்னதாகவே பஸ் ஏறினேன். மன்றத்துக்கு வரவில்லை, பின்பக்கம் போனேன்.

அங்கே வேலியில் நான் இருந்தேன். என் ஆளைவிடப் பெரிதாக, போயானைத் தூக்கிக்கொண்டு, சிவந்த மூக்கோடு அவனும் நானும் சிரிக்கிறோம். கீழே "தாய்மையும் ஆய்வும் கைகோர்த்து" என்று எழுதியிருந்தது. அந்த வேலிக்குப் பின்னால் நான்கு மாடி எழும்பியிருந்தது. ஒரு மரம் இல்லை. காவல்காரரிடம் கேட்டேன். "மரமா? அதெல்லாம் ஜனவரியிலேயே வெட்டியாச்சே, பொண்ணே. பனியோட பனியா இழுத்துட்டுப் போனாங்க." பிறகு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் திரும்பி நடந்தேன்.

என் குழந்தை குழாய் செருகிக் கிடந்தபோது நான் நிம்மதியடைந்தேனே, அந்த மரங்கள் அப்போதே விறகாகியிருந்தன.

ஸ்தாமெனோவிடம் போனேன். அவருக்குத் தெரியும். வெட்டும் தாளில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான், அதற்குப் பதிலாகப் புது ஆய்வுக்கூடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்படிச் சொல்றது? உனக்கு ஒரு வரி எழுதக்கூடாதுன்னு நீங்கதானே விதி வாங்கினீங்க. உன் அக்கா சொல்லியிருப்பான்னு நினைச்சேன். அப்புறம் தாள் வந்துச்சு. சரி, அவங்க குடும்பத்து ஏற்பாடு போலன்னு விட்டுட்டேன்." கடைசியாக, கதவு வரை வந்து, மெதுவாக: "வாசிச்சு முடிச்சுடும்மா. மரம் வந்து சாட்சி சொல்லப்போறதில்ல."

நான் வாசித்தேன். முதல் வசந்தம், இரண்டாம் வசந்தம். பிறகு, மூன்றாவது வசந்தம் நடக்கவில்லை, அந்தத் தேதிகளில் மரங்களே இல்லை என்றேன். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். எழுந்து போவாய் என்று நினைத்தேன், போகவில்லை. துறைத் தலைவர் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான்.

ஆய்வைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடக் கணக்கு போதாது. வேறு தோட்டம் பார்த்து மறுபடி தொடங்க எனக்கு நேரம் இல்லை. இடைவெளியையும் தீர்த்துவிட்டேன். டிசம்பரில் பெயரை நீக்குவார்கள்.

ஜனவரியிலேயே ஒரு வரி எழுதியிருந்தால், ஊருக்கு வெளியே வேறு தோட்டத்தில் அதே இனத்து மரங்கள் இருந்தன. காமென் லீவு போட்டுப் போய்ப் பார்த்திருப்பார். ஒரு வசந்தம் முழுக்க எனக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டது நீ.

போயானின் நூல் எங்கே?

தாஃபினா


சோபியா, நவம்பர் 19

தாஃபினா,

நலம் விசாரிக்க எனக்கும் உரிமை இல்லை என்று தெரியும். போயானுக்கு மட்டும் என் முத்தம்.

மன்றத்தில் நீ சொன்னது சரிதான். அதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஒரு போன் போட்டிருந்தால் நான் வந்திருப்பேன்.

முதலில் உனக்குச் சொல்லத்தான் இருந்தேன். பேப்பர்கூட எடுத்தேன். அப்போது உன் கடிதம், மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிறேன் என்று. இதை இவளிடம் எப்படிச் சொல்வது? அப்புறம் ஆஸ்பத்திரி. தாய்க்குக் கெட்ட சேதி போகக்கூடாது என்று எழுதிய விதியில் ஒவ்வொரு சொல்லும் உன்னுடையது. நான் டைப் அடித்தேன். அந்த விதியைத்தான் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அது முழுதும் உண்மையில்லை. உன்னை முன்னால் நிறுத்தித்தான் விடுதிக்கு அனுமதி வாங்கினேன். மரம் போனால் உன் ஆய்வு போகும், ஆய்வு போனால் படத்தில் சிரிக்கிற பெண் யார்? திட்டம் விழும், என் வேலையும் விழும். முந்தைய இரண்டு வருடத் தேதிகள் நீ எங்கள் அலுவலகத்தில் கொடுத்துவைத்த ஆய்வுப் பிரதியில் இருந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் அந்த இரண்டு தேதிக்கும் நடுவே ஒன்றை எடுத்தேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். பட்டம் வாங்கிவிடுவாய், விடுதியும் எழும்பிவிடும், யாருக்கு என்ன நஷ்டம்?

உனக்குக் காமென் இருக்கிறார், வீடு இருக்கிறது. எனக்கு அந்த மேசையும் அம்மாவும்தான். இதையும் எழுதாமல் விட்டால் இன்னொரு பொய்.

பதில் போடு. திட்டியாவது போடு.

நெவெனா


சோபியா, ஏப்ரல் 14

தாஃபினாவுக்கு,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அம்மா தினமும் தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள்.

விடுதி திறந்தாயிற்று. உன் படத்தின் மேல் வேறொரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறார்கள். ஜனவரியில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. கீழ்த்தளத்தில் பிள்ளைகள் அழுவது என் ஜன்னலுக்குக் கேட்கிறது. ஜன்னலை மூடியே வைத்திருக்கிறேன்.

போயானின் நூல் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எறியவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை.

டிராம் கடைசி நிறுத்தத்தில், பால் கடைக்குப் பின்னால், கிழட்டுப் பிளம் மரம் ஒன்று இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து வேலை முடிந்ததும் அங்கே போகிறேன். கடைக்காரி என்னைக் கிறுக்கி என்று நினைக்கிறாள். "யாருக்காகம்மா காத்திருக்க? அவன் வரமாட்டான், வீட்டுக்குப் போ" என்கிறாள். ஒரு நாள் ஆலங்கட்டி மழை. மொட்டுகள் பச்சையாக இருந்தன, பிறகு நுனி வெளுத்தது, பிறகு வெகு நாள் அப்படியே நின்றது. இவ்வளவு மெதுவாகவா வரும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று மாலை தெற்குப் பக்கக் கிளையில் மூன்று பூ விரிந்திருந்தது. மற்றதெல்லாம் மூடித்தான் இருக்கிறது. நூல் கையில்தான் இருந்தது. கட்டவில்லை. எத்தனை விரிந்தால் பூத்தது என்று சொல்வார்கள், தாஃபினா? எனக்குத் தெரியவில்லை.

நெவெனா


விதின், ஏப்ரல் 17

நெவெனா,

மரத்திலிருக்கும் பூக்களில் பத்தில் ஒரு பங்காவது விரிந்திருக்க வேண்டும். மூன்று பூ கணக்கில் வராது. தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார். தெற்குக் கிளையை மட்டும் பார்க்காதே, சுற்றி வந்து நிழல்பக்கத்தையும் பார்.

அதுவரை என் மகனின் நூலைக் கட்டாதே.

தாஃபினா